இரண்டு சிறைகளின் சாட்சி: ரெஸா பராஹெனி

தெஹ்ரான் நகரின் நடுவே, தூப்கானே சதுக்கத்துக்கு அருகில், வட்ட வடிவில் ஒரு பழைய சிறைக் கட்டடம் இருக்கிறது. 1930களில், மன்னர் ரெஸா ஷாவின் காலத்தில், ஜெர்மானியப் பொறியாளர்களைக் கொண்டு கட்டியது. 1970களில் உளவுத்துறையான சாவாக்கும் போலீசும் சேர்ந்து அமைத்த கூட்டுக் குழுவின் விசாரணைக்கூடமாக இருந்தது. மக்கள் அதைச் சுருக்கமாகக் 'கொமித்தே' என்றார்கள். இன்று அது 'எப்ரத்' என்ற பெயரில் அருங்காட்சியகம். டை கட்டிய அதிகாரிகளும் ரத்தம் வழியும் கைதிகளும் அங்கே மெழுகுப் பொம்மைகளாக நிற்கிறார்கள். அந்தக் கொடுமைகள் நடந்தவைதான். ஆனால் அருங்காட்சியகம் சொல்லும் கதை 1979இல் முடிந்துவிடுகிறது. மன்னராட்சியைக் கவிழ்த்த அந்த ஆண்டின் புரட்சிக்குப் பிறகு இதே கட்டடம் தவ்ஹீத் சிறை என்ற பெயரில் புதிய அரசின் கைதிகளை அடைத்துவைத்ததும், 2000இல்தான் அது மூடப்பட்டதும் அங்கே சொல்லப்படுவதில்லை.

கவிஞரும் நாவலாசிரியரும் விமர்சகருமான ரெஸா பராஹெனி 1973இல் இந்தக் கட்டடத்தில் 102 நாட்கள் கிடந்தார். 1980களின் தொடக்கத்தில் இஸ்லாமியக் குடியரசும் அவரைச் சிறையில் தள்ளியது. கடைசி 25 ஆண்டுகளை அவர் கனடாவில் கழித்து, 2022 மார்ச்சில் டொரொண்டோவில் இறந்தார். அவர் வாழ்க்கையை ஆளுக்குப் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வது எளிது. ரெஸா ஷாவின் மகனான ஷாவின் சித்திரவதைகளைப் பற்றி அவர் சொன்னது இன்றைய அரசுக்குப் பயன்படும். இன்றைய அரசைப் பற்றி அவர் சொன்னது மன்னராட்சிக்கு ஏங்குவோருக்குப் பயன்படும். இரண்டு தரப்பும் மற்றப் பாதியை மூடி மறைக்கும். அந்தச் சாட்சியத்தை வெட்டாமல் முழுதாக வாசிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பராஹெனி 1935 டிசம்பரில் தப்ரீஸில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பேசியது அஸர்பைஜானியத் துருக்கி. சிறுவனாகவே ஆலை வேலைக்கும் போனவர். அவருக்குப் பத்து வயது ஆகும்போது ஊரில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 1945இன் இறுதியில், சோவியத் படைகளின் ஆதரவோடு, ஜாஃபர் பிஷெவாரி தலைமையில் தப்ரீஸைத் தலைநகராகக் கொண்டு ஒரு தன்னாட்சி அரசு அமைந்தது. அது துருக்கி மொழியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. ஓராண்டுதான். சோவியத் படைகள் விலகிய பிறகு, 1946 டிசம்பரில் ஷாவின் ராணுவம் தப்ரீஸுக்குள் நுழைந்தது. துருக்கிப் பாடநூல்கள் தெருவில் குவித்து எரிக்கப்பட்டன. முந்தைய ஆண்டு எந்த மொழியில் படித்தார்களோ, அந்த மொழி பள்ளிப் பிள்ளைகளுக்குக் குற்றமாகிவிட்டது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைப் பராஹெனி பின்னாளில் பலமுறை எழுதியிருக்கிறார். பள்ளியில் அவர் துருக்கியில் ஒரு சுவர்ப்பத்திரிகை எழுதி ஒட்டினார். அதற்குத் தண்டனையாக, எழுதிய மையை அவரே நாக்கால் நக்கி அழிக்க வைத்தார்கள். பாரசீகக் கவிதையின் போக்கை மாற்றியவர்களில் ஒருவராகப் பின்னாளில் பேசப்பட்ட மனிதர் அந்த மொழிக்குள் நுழைந்தது இப்படித்தான். பாரசீகத்தை அவர் வெறுக்கவில்லை. அதன் செவ்வியல் மரபில் அவருக்கிருந்த தோய்வு அவர் எழுத்தை வாசிக்கும் எவருக்கும் தெரியும். தன் தாய்மொழியின் இடத்தில் அதை வைத்த அரசைத்தான் அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. தப்ரீஸ்காரர்களிடம் இந்தச் சிக்கல் பொதுவாக உண்டு. சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற சமத் பெஹ்ரங்கியும், நாடகாசிரியரும் மனநல மருத்துவருமான குலாம் ஹுசைன் சாஏதியும் அதே மண்ணில் பிறந்து பாரசீகத்தில் எழுதியவர்கள்தாம்.

தப்ரீஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, இஸ்தான்புல்லில் முனைவர் பட்டம் பெற்று, 1960களில் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 'ஃபிர்தௌஸி' வார இதழில் வந்த அவருடைய விமர்சனங்கள் புயலைக் கிளப்பின. பெரிய பெயர்களைத் தயவு தாட்சண்யமின்றித் தாக்கினார். சில சமயம் நியாயத்தின் எல்லையையும் தாண்டினார். ஆனாலும் கவிதை விமர்சன நூலான 'செம்பில் பொன்', புனைகதைக் கலை பற்றிய நூல் ஆகியவற்றுக்குப் பிறகு, பாரசீகத்தில் இலக்கிய விமர்சனம் என்பது நண்பர்கள் மாறி மாறிப் பாராட்டிக்கொள்ளும் வேலையாக நீடிக்க முடியவில்லை.

1968 தொடக்கத்தில், அரசியின் ஆதரவோடு கவிஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு மாநாடு கூட்ட அரசு திட்டமிட்டது. தணிக்கை நடக்கும் நாட்டில் அரசே எழுத்தாளர்களைக் கூட்டினால் அதற்குப் போகமாட்டோம் என்று ஜலால் ஆல்-எ அஹ்மத், பராஹெனி, சாஏதி உள்ளிட்டோர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த மறுப்பிலிருந்து பிறந்ததுதான் ஈரான் எழுத்தாளர் சங்கம், அவர்கள் சொல்வழக்கில் 'கானூன்'. கருத்துச் சுதந்திரமும் எழுத்தாளர்களின் தொழில் உரிமையும் அதன் இரண்டு கோரிக்கைகள். ஷாவும் அதற்குச் சட்டப்படி அங்கீகாரம் தரவில்லை. இஸ்லாமியக் குடியரசும் தரவில்லை.

இந்தக் காலத்தில் பராஹெனி எழுதிய நாவல் ஒன்றை இங்கே நின்று பார்க்க வேண்டும். நம் பள்ளிப் புத்தகங்களில் சோமநாதபுரத்தைக் கொள்ளையடித்தவராக வரும் கஜினி மாமூதை, பாரசீகக் கவிதை வேறொரு முகத்தோடு அறியும். அங்கே அவர் தன் அடிமை அயாஸின் மேல் காதல் கொண்ட சுல்தான். அடிமையின் முழுச் சரணாகதியையும் அரசனின் உருக்கத்தையும் சூஃபிக் கவிஞர்கள் இறைக்காதலின் உருவகமாகவே பாடிவைத்தார்கள். 'அயாஸின் நரக நாட்கள்' என்ற நாவலில் பராஹெனி அந்த உறவை அடிமையின் வாயால் சொல்லவைத்தார். சுல்தான் ஒரு மனிதனின் உடலை அறுக்கிறான். ரம்பத்தின் மறுமுனை அயாஸின் கையில். எஜமானன் தன்மேல் வைத்த ஆசையே அவனைக் கொலைக்கு உடந்தையாக்குகிறது. கொடுங்கோலனை வெறுப்பது எளிது. அவன் கையால் தொடப்பட்டவன், அவன் தயவால் உயர்ந்தவன், அவனுக்காகக் கருவியை எடுத்துக் கொடுப்பவன் ஆகியோர் மனத்துக்குள் நுழைவதுதான் கடினம். அரசு தன் குடிமக்களை அயாஸ்களாக்கித்தான் நிற்கிறது என்ற இந்த வாசிப்பு, எத்தனையோ அரசியல் கட்டுரைகளைவிடக் கூர்மையானது என்று நினைக்கிறேன். 1970 வாக்கில் நாவல் அச்சானது. ஆனால் வாசகர் கைக்கு வருவதற்குள் படிகள் அழிக்கப்பட்டன. முப்பது ஆண்டு கழித்துப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக, 2000இல், அது வெளியுலகைப் பார்த்தது.

நாவலில் கதையாகச் சொன்னதை அவர் கட்டுரைகளில் வாதமாக முன்வைத்தார். ஈரானின் வரலாறு ஆண்களால், ஆண்களுக்காக எழுதப்பட்ட 'ஆண் வரலாறு' என்றார். கிரேக்கத் தொன்மத்தில் மகன் தந்தையைக் கொல்கிறான். பாரசீகக் காப்பியமான ஷாநாமாவிலோ தந்தை ருஸ்தம் மகன் சொஹ்ராபைக் கொல்கிறான். வளரும் தலைமுறையைக் கொன்று தன்னைக் காத்துக்கொள்ளும் தந்தையே இந்த அரசியலின் நடுநாயகம் என்பது அவர் வாதம். ஒரு தேசத்தின் வரலாற்றை ஒரே தொன்மத்துக்குள் அடக்கிவிட முடியாதுதான். ஆனாலும் 1980களில் பதின்வயதுப் பிள்ளைகள்கூடச் சிறையிலும் ஈராக்குடனான போர்முனையிலும் மடிந்ததைப் பார்த்தபின் அந்த வாதத்தை லேசாக ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

1972இல் அமெரிக்காவில் ஓராண்டு கற்பிக்கப் போனார். திரும்பி வந்து, ஆதிக்கம் செலுத்தும் பண்பாடு, அடக்கப்படும் பண்பாடு இரண்டையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1973 செப்டம்பரில் சாவாக் அவரைக் கைது செய்தது. கொமித்தேயில் விசாரணை அதிகாரிகள் ஒருவரையொருவர் 'டாக்டர்' என்று அழைத்துக்கொள்வார்கள். உண்மைப் பெயரை மறைக்க அது வசதி. உள்ளங்காலில் முறுக்குக் கம்பிச் சாட்டையால் 75 அடி. விரல் ஒன்று முறிந்தது. மனைவியையும் மகளையும் கண்முன்னே பலாத்காரம் செய்வோம் என்று மிரட்டினார்கள். ஒருவர் அவர் தலையில் துப்பாக்கியை வைத்தார். பிறகு நடந்ததைச் சொல்லும்போது பராஹெனி தன்னை வீரனாகக் காட்டிக்கொள்ளவில்லை, மயங்கி விழுந்ததாகத்தான் எழுதினார். அவருடைய விவரிப்பை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டு எழுத்தாளர்களும் எழுத்தாளர்களின் சர்வதேச அமைப்பான பென்னும் கொடுத்த நெருக்கடியால் விடுதலையாகி, 1974இல் அமெரிக்கா போனார். சிறைக் கவிதைகள் அடங்கிய 'கடவுளின் நிழல்' 1976இல் ஆங்கிலத்தில் வந்தது. மன்னருக்குரிய பழைய பட்டப்பெயரே அந்தத் தலைப்பு. அடுத்த ஆண்டு அமெரிக்க நாவலாசிரியர் ஈ. எல். டாக்டரோவின் முன்னுரையோடு 'முடிசூடிய நரபட்சிணிகள்' வந்தது. ஷாவை நவீனமயமாக்கும் மன்னராகவும் நம்பகமான எண்ணெய் நண்பராகவும் மட்டுமே பார்த்துப் பழகிய அமெரிக்க வாசகர்களுக்கு, தங்கள் அரசின் துணையோடு உருவான உளவுத்துறை மனிதர்களை என்ன செய்கிறது என்பதை அவர் எடுத்துச் சொன்னார். 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் 1976 அக்டோபரில் வந்த அவர் கட்டுரை அந்த வகையில் பெரிய அதிர்வை உண்டாக்கியது.

அந்தக் கட்டுரையின் எண்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஷாவின் அதிகாரத்தை நிலைநிறுத்திய 1953 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகான 23 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், சாவாக் இயங்கிய 19 ஆண்டுகளில் 3,00,000க்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போய் வந்தார்கள் என்று அவர் எழுதினார். பிற்கால ஆய்வு இதைவிடக் குறைவான எண்களையே தருகிறது. வரலாற்றாசிரியர் எர்வாந்த் ஆப்ரஹாமியனின் கணக்குப்படி, 1971 முதல் 1977 வரை உயிரிழந்த கெரில்லாக்களும் ஆயுதக் குழுவினரும் 341 பேர். அவர்களில் 177 பேர் மோதலில் இறந்தார்கள். 91 பேருக்கு மரணதண்டனை. 42 பேர் சித்திரவதையில் செத்தார்கள். அதே ஆய்வாளரின் கணக்கில், 1981 ஜூன் முதல் 1985 ஜூன் வரை புரட்சி நீதிமன்றங்கள் 8,000க்கும் மேற்பட்ட எதிர்ப்பாளர்களைக் கொன்றன. 1988 கோடையில் சிறைகளுக்குள் நடந்த படுகொலையில் குறைந்தது 5,000 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி சொல்கிறது.

இந்த ஒப்பீட்டை வைத்து ஷாவின் காலத்தைப் பொற்காலமாக்கும் பேச்சு இன்று புலம்பெயர்ந்த ஈரானியரிடையே பலமாகக் கேட்கிறது. பராஹெனியைப் போன்றவர்கள் மிகைப்படுத்தி நாட்டைக் கெடுத்தார்கள் என்பது அதன் தொடர்ச்சி. எண்களை அவர் பெருக்கிச் சொன்னார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கம்பிச் சாட்டை பொய்யாகவில்லை. பின்னால் வந்தவன் 8,000 பேரைக் கொன்றான் என்பதால், சித்திரவதையில் செத்த அந்த 42 பேரின் மரணம் சிறியதாகிவிடாது. இன்னும் ஒன்று: தனிச்சிறை, உள்ளங்கால் அடி, தொலைக்காட்சியில் பாவமன்னிப்பு கேட்கவைப்பது எல்லாமே பழைய ஆட்சியில் பழகியவை. புதிய ஆட்சி அவற்றைக் கட்டடத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு பெருக்கியது. பராஹெனியின் முதல் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டால் இரண்டாவது சிறை எங்கிருந்து வந்தது என்பது புரியாமலே போய்விடும்.

1979இல் ஷா நாட்டைவிட்டு ஓடினார்; பராஹெனி நாடு திரும்பினார். புரட்சியை மனதார வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். அதற்காக அவரைக் குற்றம் சொல்வோர் உண்டு. எனக்கு அது குற்றமாகப் படவில்லை. தன்னை அடித்த ஆட்சி விழுந்தபோது வெளியூரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது அவர் சுபாவத்துக்கே ஒவ்வாது. நிலைமை வேகமாகத் திரும்பியது. 1980இல் 'கலாச்சாரப் புரட்சி' என்று சொல்லிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 1981 ஜூனில் எழுத்தாளர் சங்க உறுப்பினரும் கவிஞருமான சயீத் சுல்தான்பூர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பிடித்துச் சென்றது அவருடைய திருமண நிகழ்ச்சியிலிருந்து. சங்கத்தின் அலுவலகம் பூட்டப்பட்டது. பராஹெனியும் சிறைக்குள் போனார். 1982இல் வெளியே விட்டபோது, வளாகத்தில் எதிர்ப்புரட்சிக் குழுக்களோடு சேர்ந்து செயல்பட்டார் என்று சொல்லி அவரைப் பல்கலைக்கழக வேலையிலிருந்து நீக்கினார்கள். நாட்டைவிட்டுப் போகவும் பல ஆண்டுகள் அனுமதி இல்லை.

அதே சமயத்தில் நண்பர் சாஏதி எல்லை தாண்டிப் பாகிஸ்தான் வழியாகப் பாரிஸுக்குத் தப்பினார். அங்கே பிரெஞ்சு கற்க மறுத்து, குடியில் உடல் கெட்டு, 1985 நவம்பரில் இறந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை. பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், எழுத்தாளர் சாதிக் ஹிதாயத்துக்கு அருகில், அவரைப் புதைத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பராஹெனிக்கோ அந்த 1980களும் 90களும் எழுத்தில் மிகச் செழிப்பான காலம். 1979க்கு முந்தைய அஸர்பைஜானை விரிவாக எழுதிப் பார்த்த 'என் மண்ணின் ரகசியங்கள்' நாவல் வந்தது. மனநோயால் அவதிப்பட்டு இறந்த கவிஞர் இஸ்மாயில் ஷாஹ்ரூதிக்காக, ஈராக் போரின் நடுவில், 'இஸ்மாயில்' என்ற நெடுங்கவிதையை எழுதினார். கற்பிக்கும் உரிமை பறிபோனதால் தன் வீட்டின் நிலவறையில் கவிதைப் பட்டறை நடத்தினார். இளைஞர்கள் வாரந்தோறும் அந்தப் படிகளில் இறங்கி வந்து கவிதை வாசித்தார்கள், சண்டை போட்டார்கள், கோட்பாடு கற்றார்கள். 1995இல் வெளியான 'வண்ணத்துப்பூச்சிகளை நோக்கி' தொகுப்பும், நவீனக் கவிதையின் தந்தை நீமா யூஷிஜின் வழியைவிட்டுத் தான் ஏன் விலகினேன் என்று அதில் அவர் எழுதிய கட்டுரையும் இன்றுவரை ஈரானில் சர்ச்சைக்குரியவை. அந்தப் பரிசோதனைகள் எல்லாம் வெற்றி பெற்றன என்று சொல்லமாட்டேன். ஆனால் தஃப் மேளத்தின் அடியையே மொழியாக்கிய 'தஃப்' கவிதையைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

1994 அக்டோபரில் 134 எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட 'நாங்கள் எழுத்தாளர்கள்' என்ற அறிக்கை வெளிவந்தது. அதை வரைந்தவர்களில் பராஹெனி ஒருவர்; ஹூஷங் குல்ஷிரி, முகம்மத் மொக்தாரி, ஃபராஜ் சர்கூஹி போன்ற எழுத்தாளர்களும் அந்த முயற்சியில் இருந்தார்கள். அதில் ஆட்சிமாற்றக் கோரிக்கை எதுவும் இல்லை. எங்கள் எழுத்தை எழுத்தாக மதியுங்கள், எங்கள் தனிவாழ்க்கையில் துழாவாதீர்கள், நாங்கள் ஒன்றுகூடுவதைச் சதி என்று முத்திரை குத்தாதீர்கள் என்பதுதான் சாரம். இவ்வளவு மிதமான கோரிக்கைக்கு வந்த பதில் மிதமாக இல்லை. அந்த நவம்பரிலேயே எழுத்தாளர் சயீதி சிர்ஜானி காவலில் இறந்தார். 1996 ஆகஸ்டில் 21 எழுத்தாளர்கள் ஆர்மீனியாவில் ஓர் இலக்கிய நிகழ்ச்சிக்குப் பேருந்தில் கிளம்பினார்கள். இரவு, ஹெய்ரான் மலைப்பாதையில், ஓட்டுநர் வண்டியைப் பள்ளத்தை நோக்கித் திருப்பிவிட்டு வெளியே குதித்தார். பயணிகளில் ஒருவர் பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தார். ஓட்டுநர் தூங்கிவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்து, மறுபடியும் அதையே செய்தார். ஒரு பாறை வண்டியைத் தடுத்து நிறுத்தியது. பிழைத்தவர்களைப் பிடித்து வைத்து விசாரித்த அதிகாரிகள், இதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

அந்த ஆண்டே பராஹெனி நாட்டைவிட்டு வெளியேறி, ஸ்வீடன் வழியாக 1997 தொடக்கத்தில் கனடா போய்ச் சேர்ந்தார். அவர் பிழைத்தது வெளியேறியதால்தான் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. 1998 டிசம்பர் தொடக்கத்தில் மொக்தாரி கடைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஒரு வாரத்துக்குள் மொழிபெயர்ப்பாளர் முகம்மத் ஜாஃபர் பூயாந்தேயும் காணாமல் போனார். இருவரும் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். 134 பேர் அறிக்கையில் இருவரின் கையெழுத்தும் உண்டு. இந்தக் கொலைகளில் தன் ஆட்களுக்குப் பங்கு இருந்ததை 1999 ஜனவரியில் உளவு அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

டொரொண்டோவில் பராஹெனிக்கு மதிப்பு கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் கற்பித்தார். கனடா பென் அமைப்பின் தலைவரானார். பிரெஞ்சில் அவர் நாவல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆனால் பாரசீகத்தில் எழுதுபவருக்கு வாசகர்கள் இருப்பது ஈரானில். அங்கே அவருடைய முக்கியமான புத்தகங்கள் அச்சுக்குப் போக வழியில்லை. கள்ளப்படிகளாகவும் ஒளிநகல்களாகவும் கைமாறின. தாய்மொழிக் கல்விக்காக அங்கிருந்தும் குரல் கொடுத்தார். இஸ்லாமியக் குடியரசின் அரசமைப்பில் 15ஆம் பிரிவு, பாரசீகத்தோடு சேர்த்து வட்டார மொழிகளின் இலக்கியத்தைப் பள்ளிகளில் கற்பிக்க இடம் தருகிறது. ஆனால் ஈரானின் கோடிக்கணக்கான துருக்கி, குர்து, பலூச்சிக் குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டது. இதைப் பேசியதற்காகப் பாரசீக தேசியவாதிகள் அவரைப் பிரிவினைவாதி என்றார்கள். பாரசீகத்தில் எழுதியதற்காக அஸர்பைஜானியர் சிலர் அவரைக் குறை சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் பிடித்த மாதிரி அவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோய் அவரைப் பிடித்தது. 86 வயதில் அவர் இறப்பதற்குச் சுமார் இரண்டரை மாதங்கள் முன்பு, 2022 ஜனவரி 8 அன்று, எழுத்தாளர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரான கவிஞர் பெக்தாஷ் ஆப்தின் இறந்தார். தெஹ்ரானின் எவின் சிறையில் கொரோனா தொற்றி, மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோகப்பட்டவர். ரெஸா கந்தான் மஹாபாதி, கீவான் பாஜன் என்ற இன்னும் இரு எழுத்தாளர்களோடு 2020 செப்டம்பரில் அவர் சிறை புகுந்திருந்தார். அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுக்கு ஆதாரமாகக் காட்டியவை இவை: சங்கத்தின் செய்தி மடல், மொக்தாரி, பூயாந்தே இருவரின் கல்லறைக்கும் கவிஞர் ஷாம்லுவின் கல்லறைக்கும் போய் வந்தது, 1968இல் தொடங்கிய சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை ஒரு புத்தகமாகத் தொகுத்தது.